தட்டிப் பார்த்தால் சொல்லும்

பழைய இரும்புக் கடையில் எதைப் போட்டாலும் ஏதோ ஒரு காசு வரும். தகரம், பித்தளை, பிளாஸ்டிக் குடம், பழைய பேப்பர், ஓடாத மிக்ஸி, எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. ஃபைபருக்கு மட்டும் கிடையாது. கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்து ஒரு தடவை இறுகிவிட்டால், வெந்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்க முடியாத கதைதான். சூடு பண்ணினால் உருகாது, கருகும். மண்ணில் புதைத்தால் மக்காது. எரித்தால் கரும்புகை தெருவையே மூடிவிடும்.

நம் தூத்துக்குடிக் கரையோரம் நடந்து போகிறவர்கள் உடைந்த ஃபைபர் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். கட்டுமரத்துக்கு அந்தக் கதி இல்லை. அதன் காலம் முடிந்தால் அடுப்புக்குப் போகும். பலகை வள்ளம் பிரிந்தால் அதன் பலகை யார் வீட்டிலாவது தட்டாகவோ கதவாகவோ இருக்கும். ஃபைபர் படகுக்கு இரண்டே வழி. சரி செய்து ஓட்ட வேண்டும், இல்லையென்றால் நம் காலத்துக்குப் பிறகும் அது அங்கேயே கிடக்கும்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், போன மாசி மாதம் எங்கள் தெரு மதினி போன் செய்தார்கள்.

"தம்பி, பின்னால கெடக்குற போட்ட வெட்டிப் போட்டுறலாம்னு பையன் சொல்லுதான். இரும்புக் கடைக்காரன் வேண்டாங்கான். ஆள் வச்சு அறுத்து வண்டியில ஏத்தி விட என்ன ஆகும்னு கேட்டுச் சொல்லுங்க."

மதினி எனக்குச் சொந்தம் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே தெரு. அவர்கள் வீட்டுக்காரரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. நான் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்தவன். அமிலத் தொட்டிகளுக்கு உள்ளே ஃபைபர் பூச்சுப் போடுவது எங்கள் வேலைகளில் ஒன்று. அதனால் ஃபைபர் என்றால் தெருவில் எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள், வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி உட்பட.

அந்தப் படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் என்டர்பிரைஸ். இது ஒரு படகின் பெயர் அல்ல, அந்த வகைக்கே பெயர். இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட் என்பவர் வடிவமைத்து 1956-ல் வந்தது. நீளம் 13 அடி 3 அங்குலம். வீட்டிலேயே ஆட்கள் ஒட்டுப்பலகையில் செய்து கொள்ளட்டும் என்று வந்த வடிவம். பிறகு ஃபைபரிலும் செய்தார்கள். பாய்கள் நீல நிறம், அதுதான் அதற்கு அடையாளம். இருவர் ஓட்டுவது. பின்னால் இருப்பவர் சுக்கானையும் பெரிய பாயின் கயிற்றையும் பிடிப்பார். முன்னால் இருப்பவர் சின்னப் பாயைப் பார்த்துக்கொள்வதோடு, படகு சாயும்போது எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்த்து எடை கொடுக்க வேண்டும்.

1986-ல் ஒரு பயிற்சி நிலையம் கழித்துக்கட்டி ஏலம் விட்டதை அண்ணாச்சி வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் அவரைக் கடலில்தான் பார்க்கலாம். முன்னால் உட்கார்ந்து சின்னப் பாய் பிடித்தது மதினிதான். சேலையை வரிந்து கட்டி, மேலே அண்ணாச்சியின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். அந்தக் காலத்தில் ஊரில் சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் இரண்டு பேரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. மதினிக்கு முழங்கால் வலி வந்த பிறகு போவது குறைந்து, பிறகு நின்றது. படகு பின்முற்றத்தில் வேப்பமரத்தடியில் மல்லாந்து கிடந்து, மழைத் தண்ணீரும் சருகும் சேர்ந்து ஒரு தொட்டி மாதிரி ஆகிவிட்டது.

வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை கழுவிப் பார்க்கிறேன் என்றேன். வெளிநாட்டில் இருக்கும் பையன் வீடியோவில் வந்தான்.

"சித்தப்பா, வெட்டலன்னா ஒரு கோட் பெயின்ட் அடிச்சிருங்க. ஒரு பீச் ரிசார்ட்ல பிள்ளைங்கள ஏத்திட்டுச் சுத்த போட் கேக்காங்க. வெள்ளையா பளபளன்னு இருந்தா எடுத்துக்குவாங்க."

முதலில் கழுவுவோம், மற்றதைப் பிறகு பேசுவோம் என்றேன்.

நாலு பேர் சேர்ந்து படகைக் கவிழ்த்து இரண்டு பழைய லாரி டயர் மேல் வைத்தோம். முதல் வேலை நல்ல தண்ணீர், சோப்பு, தேங்காய் நார். உப்பும் மண்ணும் போகாமல் மேலே எதைத் தேய்த்தாலும் அந்த மண்ணே கீறல் போட்டுவிடும். அடியில் பழைய கொட்டலசு ஒட்டியிருந்த வட்டத் தழும்புகள் இருந்தன. உயிர் போன பிறகும் சுண்ணாம்பு மாதிரி அந்த அடிப்பாகம் விடாது. உளி வைத்துப் பெயர்த்தால் படகின் தோலும் சேர்ந்து வரும். வினிகரில் நனைத்த துணியை ஒரு மணி நேரம் போட்டு வைத்தால் சுண்ணாம்பு இளகிவிடும். பிறகு மூங்கில் பட்டையால் சுரண்டினால் போதும். துருக்கறைக்கும் டீத்தண்ணி நிறக் கறைக்கும் ஆக்ஸாலிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டுக் கழுவினேன். இது விஷம். கையுறை இல்லாமல் தொடக் கூடாது, பேரப்பிள்ளைகள் நடமாடும் இடத்தில் வைக்கவே கூடாது.

அதற்கு மேல் இருந்தது பெயின்ட். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பூச்சு. பெயின்ட் கடையில் விற்கும் பெயின்ட் உரிக்கும் திரவத்தை ஃபைபரில் பயன்படுத்த வேண்டாம். அது பெயின்ட்டோடு சேர்த்து அடியில் உள்ள ஜெல்கோட்டையும் இளக்கிவிடும். ஜெல்கோட் என்பது ஃபைபரின் மேல்தோல். கனம் அரை மில்லிமீட்டர் அளவுதான். தண்ணீர் உள்ளே புகாமல் காப்பது அதுதான். ஆகவே சுரண்டியாலும் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பராலும் பொறுமையாக எடுத்தேன். காலை இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், பதினெட்டு நாள். உலர்ந்த நிலையில் தேய்த்தால் கண்ணாடித் தூசி பறந்து மூச்சில் போகும், தோல் அரிக்கும். தண்ணீர் விட்டுத் தேய்ப்பதும், முகக்கவசமும், முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

பெயின்ட் போனதும் படகின் உண்மையான முகம் தெரிந்தது. உள்ளங்கையால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டியது. அது வெயிலால் வருவது, மேலோட்டமானது, பயப்பட ஒன்றுமில்லை. அணியத்தின் அருகே சிலந்தி வலை மாதிரி சில வெடிப்புகள். அதுவும் சின்ன வேலைதான்.

அடுத்தது தட்டிப் பார்க்கும் வேலை. மண்பானை வாங்கும்போது நம் அம்மாக்கள் விரலை மடக்கித் தட்டிப் பார்த்து வாங்கினார்கள் அல்லவா, அதே முறைதான். ஐந்து ரூபாய் நாணயத்தின் விளிம்பால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இடம் 'டங்' என்று சொல்லும். அடுக்கு விட்ட இடமும் ஈரம் ஏறிய இடமும் 'தொப்' என்று சொல்லும். தொப் என்ற இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனேன். கடைசியில் பார்த்தால் படகின் நடுவே, நடுப்பலகை இறங்கும் பிளவுக்கு வலப்பக்கம், இரண்டு கை அகலத்துக்கு ஒரு வட்டம் வந்திருந்தது.

ஒரு சின்னத் துளை போட்டேன். பழுப்பு நிறத் தண்ணீர் சொட்டியது. காடி வாடை அடித்தது. வெளித்தோல், உள்தோல், நடுவில் நுரை என்று மூன்று அடுக்காகச் செய்த அடிப்பாகம் அது. தண்ணீர் மெதுவாக உள்ளே புகுந்து, ரெசினில் கரையக்கூடியதைக் கரைத்துக்கொண்டு அங்கேயே தங்கினால் இந்த வாடை வரும். காற்று அடைத்திருக்க வேண்டிய மிதவை அறையின் மூடியைத் திறந்தேன். அதிலும் அரை வாளித் தண்ணீர்.

பையனிடம் விவரம் சொன்னேன்.

"அதான் பெயின்ட் அடிச்சா தெரியாதுல்ல சித்தப்பா? யாரு கவுத்துப் போட்டுத் தட்டிப் பாக்கப் போறா?"

அவனைக் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். தூரத்தில் இருக்கிறவனுக்கு அது ஒரு பழைய சாமான், அவ்வளவுதான். ஆனால் நான் இதை அவனுக்குப் பொறுமையாக விளக்கினேன். பாய்மரப் படகில் காற்று பாயைப் பக்கவாட்டில் தள்ளும். படகு பக்கவாட்டில் போகாமல் முன்னால் போவதற்குக் காரணம் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் அந்த நடுப்பலகை. பாயில் விழும் அத்தனை தள்ளும் கடைசியில் வந்து சேருவது அந்தப் பிளவைச் சுற்றியுள்ள இடத்தில்தான். படகில் வேறு எங்கே ஊறியிருந்தாலும் ஒரு வருஷம் தள்ளிப்போடலாம். இந்த இடம் விட்டால் கரையில் விடாது, காற்று பலமாக அடிக்கும்போது நடுவில்தான் விடும். அப்போது மிதவை அறையிலும் தண்ணீர் இருந்தால் படகு மிதக்காது. அதில் உட்கார்ந்திருப்பது யார் வீட்டுப் பிள்ளைகளோ.

அவன் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தான். ஒரு வாரம் பேச்சு இல்லை.

மதினியிடம் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால், படகின் உள்பக்கத்திலும் பெயின்ட்டைச் சுரண்டியபோது அதே இடத்தில் ஒரு பழைய ஒட்டு தெரிந்தது. அண்ணாச்சியின் கை வேலை. ஓரமெல்லாம் சுத்தமாக வெட்டி, குமிழி இல்லாமல் ஒட்டியிருந்தார். ஆனால் ஈரத்தின் மேல் ஒட்டியிருந்தார். உள்ளே இருந்த தண்ணீருக்கு வெளியேற வழியில்லாமல் அத்தனை வருஷமும் நுரையைத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது. அவர் இல்லாத நேரத்தில், அவர் வேலையில் குறை என்று அவர் மனைவியிடம் எப்படிச் சொல்வது?

மதினி பின்வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பென்சில் வட்டத்தைப் பார்த்துவிட்டு, "அது என்ன தம்பி கோலம்?" என்றார்கள். நாணயத்தைக் கையில் கொடுத்தேன். எழுந்து வந்து தாங்களே தட்டினார்கள். வெளியே டங், உள்ளே தொப். மூன்று தடவை தட்டினார்கள்.

"இது நான் முட்டி போடுற இடம்லா. கடேசி ரெண்டு வருசம் கால வச்சா அமுங்கும். நான் சொன்னேன். அவுக ஒரு சனிக்கிழம ராத்திரி உக்காந்து ஒட்டிட்டு, காலையில கடலுக்குப் போயிட்டாக. காய விடுங்கன்னா கேக்க மாட்டாக. ஞாயித்துக்கிழமய விட முடியாது அவுகளுக்கு."

இவ்வளவு நாளும் அவர்களுக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, "அறுத்து எடுத்துட்டுப் புதுசாப் போடுங்க தம்பி. காசு நான் தாரேன். ஆனா விக்க வேண்டாம்" என்றார்கள்.

தெரேஸ்புரத்தில் ஃபைபர் படகு வேலை செய்யும் ஒரு தம்பியைக் கூட்டி வந்தேன். அவர் அப்பா பாய் வள்ளத்தில் தொழில் செய்தவர். உள்பக்கத் தோலை அறுத்து, கருத்துப் போன நுரையைக் கரண்டியால் வழித்து எடுத்தோம். பிறகு ஐந்து வாரம் எதுவும் செய்யவில்லை. நல்ல தண்ணீரால் கழுவிக் காய விட்டோம், அவ்வளவுதான். பங்குனிக் காற்று நமக்கு இலவசமாகக் கிடைக்கிற உலர்த்தும் இயந்திரம். காய்ந்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. அந்த இடத்தில் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் வெயிலில் விட வேண்டும். உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. எங்களுக்கு மூன்றாவது தடவைதான் வேர்க்காமல் வந்தது.

புது ஒட்டுப் போடும்போது ஓரத்தைச் செங்குத்தாக விடக் கூடாது. தோலின் கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் கனம் என்றால் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் சரிவு. அப்போதுதான் பழையதும் புதியதும் ஒரே உடம்பாகும். அந்தச் சரிவு இல்லாத ஒட்டு, கிழிந்த சட்டையில் பசை தடவி ஒட்டிய துணி மாதிரி ஒரு நாள் உரிந்து வரும்.

இங்கே வீட்டில் ஃபைபர் வேலை பார்க்கிற எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை. கடையில் ரெசின், கோபால்ட், ஹார்டனர் என்று மூன்று பாட்டில் தருவார்கள். கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, வேலை தொடங்கும்போது ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். நம் ஊர் வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும். அதனால் காலை ஆறு மணிக்கே தொடங்கி, கால் கிலோ கால் கிலோவாகக் கலந்து, நாலு அடுக்கு மேட் போட்டு, ரோலரால் காற்றுக் குமிழியை விரட்டினோம். மேலே ஜெல்கோட். அது காற்றுப் பட்டால் பிசுபிசுப்பாகவே நிற்கும் என்பதால், அதன் மேல் வழுவழுப்பான பிளாஸ்டிக் தாளை மூடி இறுக விட்டோம்.

பிறகு 600, 800, 1000, 1200 என்று வாட்டர் பேப்பர், அதற்குப் பிறகு காம்பவுண்ட், கடைசியில் மெழுகு. பொடி பொடியாக உதிர்ந்த வெள்ளைத் தோல் வேப்ப இலையின் நிழல் தெரியும் அளவுக்கு ஆனது. மெழுகு அழகுக்கு மட்டும் இல்லை, வெயிலுக்கும் தண்ணீருக்கும் அது ஒரு மறைப்பு. வருஷத்துக்கு இரண்டு தடவை போட்டால் இந்தப் பொடி உதிர்வது வெகுவாகக் குறையும்.

ஒரு உப்புக் கிட்டங்கியில் எடை போட்டோம். வேலை தொடங்கும் முன் 131 கிலோ இருந்த படகு இப்போது 108. புதிதாக இருந்தபோது நூறு கிலோவை ஒட்டித்தான் இருந்தது என்று அண்ணாச்சி சொல்வார். இருபத்து மூன்று கிலோ ஈரத்தையும் கெட்ட நுரையையும் மூன்று பூச்சுப் பெயின்ட்டையும் அந்தப் படகு சுமந்துகொண்டு கிடந்திருக்கிறது. பொருட்களுக்கு 6,850 ரூபாய், ஆள் கூலி 6,000 ரூபாய் ஆனது. மதினி கணக்குக் கேட்டு எண்ணி வைத்துவிட்டார்கள். என் கூலி, வேலை நடந்த நாளெல்லாம் காலை டீயும் சாயங்காலம் பணியாரமும்.

புது ஒட்டு பழைய தோலை விடக் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. "மேல ஒரு கோட் அடிச்சா ஒண்ணாயிரும்ணே" என்றார் தெரேஸ்புரம் தம்பி. வேண்டாம் என்றேன். நாளைக்கு எவர் இந்தப் படகை வாங்கினாலும், ஏறினாலும், இங்கே ஒரு வேலை நடந்திருக்கிறது என்று அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சந்தேகம் இருந்தால் அவர் தட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

கச்சான் காற்று பலமாகும் முன்னே வைகாசியில் ஒரு நாள் இறக்கினோம். முதலில் ஆள் ஏறவில்லை. இரண்டு பேர் எடைக்குத் தண்ணீர்க் கேன்களை வைத்து, முழங்கால் ஆழத்தில் இரண்டு மணி நேரம் கட்டி வைத்தோம். மிதவை அறையைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவினேன். காய்ந்த தூசிதான் ஒட்டியது.

சுக்கானைத் தெரேஸ்புரம் தம்பி பிடித்தார். முன்னால் யார் என்ற கேள்வியே வரவில்லை. 68 வயது மதினி, மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் தோளைப் பிடித்து ஏறி, முழங்காலுக்கு ஒரு தலையணையை வைத்து அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். காற்று லேசாகத்தான் இருந்தது. சின்னப் பாயின் கயிற்றை அவர்கள் கை தானாகவே இழுத்துப் பிடித்ததைப் பார்த்தேன். "அமுங்குதா மதினி?" என்று கரையிலிருந்து கத்தினேன். காலால் இரண்டு தடவை மிதித்துக் காட்டினார்கள். கால் மணி நேரம் சுற்றிவிட்டு வந்தார்கள்.

படங்களைப் பையனுக்கு அனுப்பினேன். "பேட்ச் தெரியுதே சித்தப்பா" என்று எழுதினான். "தெரியணும்னுதான்" என்று பதில் போட்டேன். அன்று ராத்திரி அவன் அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசினானாம். விற்பதைப் பற்றிப் பேச்சு வரவில்லை என்று மதினி சொன்னார்கள்.

இப்போது அந்தத் தெரேஸ்புரம் தம்பியும் அவர் மகளும் ஞாயிற்றுக்கிழமை படகை எடுக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பிள்ளைக்கு, சின்னப் பாயை எப்போது விட வேண்டும், எப்போது இழுக்க வேண்டும் என்று கரையில் நின்று சொல்லிக்கொடுப்பது மதினி. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, கவிழ்த்து டயர் மேல் வைத்து, காற்றுப் போகும்படி துணி போட்டு மூட வேண்டும். இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் தாள் உதவாது, உள்ளே வேர்க்கும். முக்கியமாக, மிதவை அறை மூடிகளைக் கழற்றி வைக்க வேண்டும். மூடியைக் கழற்றும் வேலையை மட்டும் மதினி யாரிடமும் விடுவதில்லை.